களிமண் மேல் கட்டியது

அந்த யார்டில் அவருக்குக் கட்டுக்காரர் என்றுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெரிய இயந்திரங்களை வாடகைக்கு விடுகிற இடம் அது. பொக்லைன், புல்டோசர், ரோடு ரோலர் எல்லாம் டிரெய்லரில் ஏறி வெளியே போகும், வேலை முடிந்ததும் டிரெய்லரில் ஏறித் திரும்பி வரும். ஏறிய இயந்திரம் வழியில் அசையாதபடி சங்கிலி போட்டுக் கட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இருபது டன் இரும்பு தன் எடையிலேயே உட்கார்ந்திருக்குமே, அதற்குக் கட்டு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவரைக் கட்டுக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். “பிரேக் போட்டா வண்டி நிக்கும். மேல இருக்கறதுக்கு யாரு பிரேக் போடறது?” என்பார். டிரைவரின் முதுகுக்கும் அந்த இருபது டன்னுக்கும் நடுவே இருப்பது கேபின் தகரம் ஒன்றுதான். மற்றதெல்லாம் சங்கிலியை நம்பித்தான்.

நான்கு மூலைக்கு நான்கு சங்கிலி, மண் அள்ளும் பக்கெட்டுக்குக் குறுக்கே ஒன்று. ஒவ்வொரு சங்கிலியையும் இறுக்க ஒரு லிவர். முழங்கை நீளம், இரண்டு பக்கமும் கொக்கி. கொக்கிகளைச் சங்கிலியில் மாட்டி, உடம்பு எடை முழுவதையும் போட்டு லிவரை அழுத்தினால் அது டக்கென்று மடங்கி உட்காரும். மிச்சச் சங்கிலியை அதன் மேல் சுற்றி, பழைய படுக்கை விரிப்பில் கிழித்த துணியால் ஒரு முடிச்சு போடுவார். கடைசியில் ஸ்பானரால் சங்கிலியைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பார். இறுகியிருந்தால் கணீரென்று கேட்கும். தொய்வு இருந்தால் தப்பென்று கேட்கும்.

பாதி மடங்கிய லிவர் பொல்லாதது. கை வழுக்கினால் போன வேகத்தில் திரும்பி முகத்துக்கு வரும். அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே மேல் வரிசை முன்பல் ஒன்றை அது எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் பேச்சில் ‘ச’ வருகிற இடமெல்லாம் காற்றும் சேர்ந்து வரும். இத்தனை வருஷமாகச் சங்கிலி கட்டுகிற மனுஷனுக்குச் சங்கிலி என்று ஒழுங்காகச் சொல்ல வரவில்லை என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பல்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். கட்டைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

அந்த வீம்புதான் அவருடைய சொத்து. யார்டின் பின்பக்கத்தில் ஒரு ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், அதற்குமேல் அவரிடம் எதுவும் கிடையாது. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு தங்கையை வளர்க்கிற பொறுப்பில் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார், தள்ளிப் போட்டது அப்படியே போய்விட்டது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு புது டிரைவர், கிளம்புவதற்கு முன்னால் டிரெய்லரைச் சுற்றி வந்து ஒவ்வொரு லிவரையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் உசிரோடு வீட்டுக்கு வருவான் என்று கட்டுக்காரர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மூன்று மாதத்தில் கல்யாணம்.

அப்படிப் பொறுக்கி எடுத்த குணத்தை அவரே ஒருநாள் மிதித்துத் தேய்த்தார் என்பதுதான் கூத்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏதோ வேலையாக அவரும் மாப்பிள்ளையின் வண்டியில் போனார். ஒரு மணி நேரம் ஓடியபிறகு, மேடு ஏறுவதற்கு முன்னால், எடை போடும் இடத்தருகே எல்லா டிரைவரும் வண்டியை நிறுத்திச் சங்கிலியைப் பார்ப்பார்கள். ஓட்டத்தில் இயந்திரம் கொஞ்சம் அமர்ந்து கட்டு தளரும், மறுபடி இறுக்க வேண்டும். அது ஊர் அறிந்த வழக்கம்தான். ஆனால் தான் போட்ட லிவரின் முனையில் மாப்பிள்ளை ஒரு நீளக் குழாயைச் சொருகி இன்னும் ஒரு கண்ணி இறுக்குவதை அவர் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்துக்கொண்டு ஏழெட்டு டிரைவர்கள் வேறு நின்றார்கள்.

“என் கட்டு மேல நம்பிக்கை இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்க மாப்ள. என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டதுக்காக நீ எனக்கு வாத்தியார் ஆயிட மாட்ட” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அதோடு விட்டாரா, நாலு மாதம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை வந்து அழுது கூட்டிப்போனபோது மாப்பிள்ளை, “இனிமே நீங்க கட்டினதை நான் தொடறதில்ல மச்சான்” என்று வாக்குக் கொடுத்தான். கட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மச்சான் கட்டினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று மாப்பிள்ளை மற்ற டிரைவர்களிடம் சொல்லும்போதெல்லாம் கேட்காததுபோல நின்று கேட்டுக்கொள்வார்.

அந்த வாக்குதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

குளம் தூர் வாரிய இடத்திலிருந்து முந்தின நாள் திரும்பிய பொக்லைன் அது. சக்கரத்துக்குப் பதிலாக அது ஓடுகிற இரண்டு பக்கச் செயின் பட்டையிலும் களிமண் அப்பிக் கிடந்தது. கழுவித்தான் ஏற்ற வேண்டும், ஆனால் தண்ணீர் மோட்டார் காலையில் புகைந்து நின்றுவிட்டது. பெரிய லோடை பத்து மணிக்கு மேல் பாலத்தில் விட மாட்டார்கள். மேனேஜர் காதில் ஒரு போன், கையில் ஒரு போன் என்று வந்தார்.

“அண்ணே, அங்க ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க. மண்ணுதானே, போற வழியில உதிர்ந்துடும். ஏத்திக் கட்டிடுங்க.”

“உதிரும். அதான் வேண்டாங்கறேன்” என்றார் கட்டுக்காரர்.

சொன்னார், சொன்னதில் நிற்கவில்லை. மண்வெட்டியால் எட்டிய மட்டும் சுரண்டினார். அடியில் இரண்டு விரல் கனம் இருக்கும், அவ்வளவு தளர்ச்சியை என் கட்டு தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்து சங்கிலியையும் வழக்கத்தைவிட ஒரு கண்ணி குறைத்துப் பிடித்து, லிவரில் தொங்கி இறுக்கினார். ஸ்பானரால் தட்டியதில் ஐந்தும் கணீரென்றன.

“கிளம்பட்டுமா மச்சான்?” என்று மாப்பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து கேட்டான்.

“போயிட்டு வா. சங்கிலியைப் பத்திக் கவலைப்படாத.”

“நீங்க கட்டினா எனக்கு என்ன கவலை?” என்றான் அவன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி கேட்டைத் தாண்டியது.

கால்மணி கழித்து, ஏற்றிய இடத்தைக் கூட்டுவதற்காக விளக்குமாறோடு வந்தார். சரிவுப் பலகையின் ஓரத்தில் களிமண் பாளம் ஒன்று விழுந்து கிடந்தது. பொக்லைனின் அடியிலிருந்து கழன்றது, பட்டையின் பல் தடம் அப்படியே அதில் அச்சாகப் பதிந்திருந்தது. குனிந்து எடுத்துக் கை வைத்து அளந்தார். நான்கு விரல். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். கையை மாற்றி வைத்தால் கனம் குறையுமா என்ன, மறுபடியும் நான்கு விரல்தான் வந்தது.

ஈரமாக இருக்கும்வரை களிமண் கல் மாதிரி தாங்கும். அதன் மேல் இறுக்கினால் சங்கிலியும் கணீரென்றுதான் பாடும். வெயிலும் எதிர்காற்றும் பட்டுக் காய்ந்து, குலுக்கலில் உதிர உதிர, இயந்திரம் கீழே இறங்கும். நான்கு விரல் இறங்கினால் ஐந்து சங்கிலியும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொங்கும். அதற்குப் பிறகு மேடு வரும். மேட்டுக்கு அப்பால் வளைந்து வளைந்து இறக்கம்.

போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. அதற்கும் அவர்தான் காரணம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டே சாலை நடுவிலிருந்த சுவரை உரசியபோது, இனி வண்டி ஏறினால் போனை அணைத்து சீட்டுக்கு அடியில் போட வேண்டும் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியது இந்த மகராசன்தான். மாப்பிள்ளை வாக்குத் தவறாதவன். அதற்காகத்தான் அவனைத் தேடிப் பிடித்தார். இப்போது அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாக்குத் தவறக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

எடை போடும் இடத்தில் நிறுத்துவானா? மற்றவர் கட்டிய வண்டி என்றால் நிறுத்துவான். இவர் கட்டியது என்றால் நிறுத்த மாட்டான். ஏழு வருஷமாக எல்லாரிடமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மேனேஜரிடம் ஓடினார். பாளத்தை மேஜைமேல் வைத்தார். மேனேஜர் முதலில் தன் காகிதங்களை நகர்த்தினார்.

“போலீஸுக்குச் சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லுங்க” என்றார் கட்டுக்காரர்.

“என்னண்ணே பேசறீங்க? கட்டு சரியில்லன்னு நாமளே போலீஸுக்குச் சொல்றதா? இருபத்தாறு வருஷமாக் கட்டறீங்க, ஒண்ணும் ஆகாது. உங்க கட்டு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?”

ஏழு வருஷத்துக்கு முன்னால் தான் கத்திய வார்த்தை கட்டுக்காரருக்கே திரும்பி வந்து நின்றது. மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். வண்டி போகிற இடத்துக்கு போன் செய்து, வந்தவுடன் சொல்லுங்கள் என்றார். வந்தபிறகு தெரிந்து என்ன ஆகப்போகிறது?

கேட்டருகே பலகையில் நெடுஞ்சாலை உதவி எண் எழுதியிருந்தது. அதைக் கட்டுக்காரர் தானே அழைத்தார். எடுத்த பெண் விபத்தா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். வண்டி பழுதாகி நிற்கிறதா என்றாள். நிற்கவில்லை, அதுதான் தொல்லை என்றார். பிறகு வண்டி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ரோந்து வண்டி மறு திசையில் போயிருக்கிறது, திரும்பி வந்ததும் பார்க்கச் சொல்கிறேன் என்றாள்.

“எப்பம்மா திரும்பும்?”

“அதை நாங்க சொல்ல முடியாது சார்.”

போனை வைத்துவிட்டுச் சாலைக்கு வந்து நின்றார். அந்தப் பக்கம் போகிற லாரிகளைக் கை காட்டினார். ஒன்று நின்றது. மஞ்சள் பொக்லைன் ஏற்றிய டிரெய்லரைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லு தம்பி என்றார். அதற்குள் அது ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கும் பெரியவரே, நான் எங்கே பிடிப்பது என்று அவன் சொன்னது நியாயம்தான். மணி பத்தேகால். மாப்பிள்ளை மேட்டில் இருப்பான்.

அப்போது போன் அடித்தது. எண்ணைப் பார்க்காமலே காதில் வைத்தார். தங்கை.

“அண்ணே, அவர் கிளம்பிட்டாரா? காலையில அவசரத்துல சொல்லாமயே போயிட்டாரு.”

“கிளம்பிட்டாரும்மா.”

“நீதானே கட்டின?”

“ஆமா” என்றார்.

“அப்ப சரி” என்று அவள் வைத்துவிட்டாள். ஒவ்வொரு லோடுக்கும் அவள் கேட்பது இந்த ஒரு கேள்விதான். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கப் போவாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் அந்த மனிதர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. யார்டில் ஒரு ரோடு ரோலர் கட்டுவதற்குக் காத்திருந்தது. லிவரைப் பிடித்தார், இறுக்காமலே விட்டுவிட்டார். அறைக்குப் போனார், வந்தார். பாளத்தை வெயிலில் வைத்து, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஓரம் வெளுத்தது. பதினொன்றரைக்கு வெடிப்பு விட்டது. பன்னிரண்டுக்கு விரலால் தொட்டார், பாதி உதிர்ந்து மண்ணாகிப்போனது. சங்கிலிகள் அங்கே எப்படித் தொங்கும் என்று கண்ணை மூடாமலே தெரிந்தது. தங்கையின் இரண்டு பிள்ளைகளும் இந்நேரம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்து அவரை முறித்துப் போட்டது. நாற்பது அடி தள்ளி நின்ற மேனேஜருக்குக் கேட்காதபடி அழுதார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது.

“மச்சான், இறக்கியாச்சு.”

கட்டுக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

“மச்சான்? கேக்குதா?”

“கேக்குது மாப்ள. சங்கிலி எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருக்கும்? நீங்க கட்டினது. சங்கிலி அப்படியே இருந்துச்சு.”

அவர் கையில் மிச்சமிருந்த களிமண் பொடியைப் பார்த்தார். அப்படியே இருந்திருக்க வழியே இல்லை. அதைவிட வேறொன்று காதில் உறுத்தியது. மாப்பிள்ளையின் பேச்சில் ‘ச’ வந்த இடமெல்லாம் காற்றும் கூட வந்தது. அந்தச் சத்தத்தை இருபத்தாறு வருஷமாகத் தன் வாயிலேயே கேட்டுவருகிறவர் அவர்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தான். மேலுதடு தடித்து மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் அடியில் முன்பல் ஒன்று இல்லை. அவருக்குப் போன அதே பல்.

“வா அண்ணே, வந்து பாரு இந்தக் கூத்தை” என்றாள் தங்கை. “வண்டிக் கதவுல இடிச்சுக்கிட்டாராம். பதினஞ்சு வருஷமா ஏறி எறங்கற கதவு! இனிமே மாமாவும் அப்பாவும் ஒரே மாதிரி பேசுவாங்கன்னு பிள்ளைங்க சிரிக்குதுங்க. நீயாவது சொல்லு, உன் பேச்சைத்தான் கேப்பாரு. இரு, பால் ஆத்திக் கொண்டுவரேன், அவரால சூடாக் குடிக்க முடியல.”

அவள் அடுப்படிக்குப் போனாள். கட்டுக்காரர் தரையில், மாப்பிள்ளையின் காலருகே உட்கார்ந்தார்.

“கதவா?” என்றார் மெதுவாக.

மாப்பிள்ளை உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“சேத்து மேல கட்டினேன் மாப்ள. தெரிஞ்சேதான் கட்டினேன்.”

“தெரியும். ஏத்தும்போதே பாத்தேன்.”

“பாத்துட்டு ஏன் வாயைத் திறக்கல?”

மாப்பிள்ளை அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ஒரு தடவை திறந்தேனே மச்சான். நாலு மாசம் உங்க தங்கச்சி அழுதா.”

கட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எடை போடற இடத்துல மத்தவங்க எல்லாம் நிப்பாங்க, உங்க காதுக்கு வந்துடும். அதனால அதைத் தாண்டிப் போய், ஒரு வளைவுல ஓரமா நிறுத்துவேன்” என்றான் மாப்பிள்ளை. “ஒவ்வொரு லோடுக்கும்தான். ஏழு வருஷமா. உங்க துணி முடிச்சைக்கூட அப்படியே போடக் கத்துக்கிட்டேன். இன்னிக்கு அஞ்சும் தொங்கிப்போச்சு. வண்டி வேற சரிவுல நின்னுது. கை வழுக்கிடுச்சு, அவ்வளவுதான். விடுங்க.”

எடை போடும் இடம் சமதரை. அங்கே நின்று இறுக்கியிருந்தால் கை வழுக்கியிருக்காது, வழுக்கினாலும் பக்கத்தில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஏழு வருஷமாக இந்தப் பையன் சரிவில் தனியாக நின்று தன் உயிரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மச்சானின் முகம் வாடக் கூடாது என்பதற்காக. கட்டுக்காரர் தரையில் கை ஊன்றினார். எழுந்தார்.

“அவகிட்ட நான் சொல்லிடறேன். கதவு இல்ல, என் கட்டுன்னு சொல்லிடறேன்.”

மாப்பிள்ளை அவர் கையை எட்டிப் பிடித்தான். “வேண்டாம் மச்சான். நீங்க கட்டினதுன்னா அவ தூங்கறா. அந்தத் தூக்கத்தைக் கெடுத்துடாதீங்க.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

மாப்பிள்ளை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

தங்கை இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். ஒன்றைப் புருஷனிடம் கொடுத்து, ஒன்றை அண்ணனிடம் நீட்டினாள். “சொன்னியா அண்ணே? இனிமேயாவது கதவைப் பாத்து ஏறச் சொன்னியா?”

“சொன்னேம்மா” என்றார் கட்டுக்காரர்.

“இந்த வாயோட நாளைக்கும் லோடு இருக்காம். வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறாரு.” அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். “நீதானே கட்டுவ?”

மாப்பிள்ளை டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா” என்றார் கட்டுக்காரர்.

“அப்ப சரி” என்று அவள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.